நடுவில் மெலிந்த குழாய்
1817இல் கார்ல் டிரைஸ் உருவாக்கிய, மிதிவண்டியின் முன்னோடியான ஓடுவண்டியின் சட்டம் மரத்தாலானது. பின்னர் இரும்பு வந்தது. ஆயினும் மிதிவண்டிச் சட்டத்தின் மெய்யான வரலாறு எஃகுக் குழாயோடுதான் தொடங்குகிறது எனலாம். பற்றவைக்கும்போது சூட்டையும், ஓட்டும்போது விசையையும் மிகுதியாகத் தாங்குபவை குழாயின் முனைகளே என்பதால், அங்கே தடித்தும் நடுவில் மெலிந்தும் சுவர் அமைந்த குழாய்க்கு 1897இல் பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் காப்புரிமை பெற்றனர். வலிமை குன்றாமலே எடை குறைந்தது. 1935இல் அவர்கள் வெளியிட்ட '531' என்னும் மாங்கனீசு-மாலிப்டினம் எஃகு பல பத்தாண்டுகள் பந்தயச் சாலைகளை ஆண்டது. எடையில் எஃகின் மூன்றிலொரு பங்கேயான அலுமினியம், விறைப்பிலும், அதாவது வளையாமல் நிற்கும் தன்மையிலும், ஏறக்குறைய அவ்வளவே என்பதால், குழாயைப் பருமனாக்கிய பின்னரே அதனால் போட்டியிட முடிந்தது. பின்வந்த கரிம இழை இரண்டையும் பந்தயத்திலிருந்து ஒதுக்கியது. ஆனால் விரிசல் கண்ட சட்டத்தைப் பித்தளை உருக்கிப் பற்றவைத்தே திருப்பித் தரக்கூடிய கடைக்காரருக்கு எஃகே இன்றும் நம்பகமானது.