கால்வாய்க் கரையும் உழைப்பாளர் வரலாறும்

பாரிஸ் மாநகரைக் காணச் செல்வோர் இன்று விரும்பி நாடும் இடங்களுள் சென் மார்த்தன் கால்வாய்க் கரையும் ஒன்றாகும். நகரின் 10ஆம் வட்டாரத்தினூடாகச் செல்லும் இக்கால்வாயின் இருமருங்கும் மரநிழல் கவிந்துள்ளது. வளைந்த இரும்புப் பாலங்கள் நீரின் குறுக்கே நிற்கின்றன. கோடை மாலைகளில் இளைஞர்கள் கரைக்கற்களில் அமர்ந்து திராட்சை மது அருந்தி உரையாடுகின்றனர். கரையோர வீடுகளின் கீழ்த்தளங்களில் நாகரிகக் காப்பிக்கடைகளும் ஆடைக்கடைகளும் நிறைந்துள்ளன. இவ்வழகில் திளைப்பது தவறன்று. ஆயினும் இது எவருடைய உழைப்பால் உண்டாயிற்று, இன்று எவருக்கு உரியதாயிற்று என்ற வினாக்களைக் கேளாது திரும்புபவன் அந்நகரைப் பாதியே கண்டவனாவான்.

இக்கால்வாய் அழகுக்காக வெட்டப்பட்டதன்று. நல்ல குடிநீரின்றிப் பாரிஸ் மக்கள் வாடிய காலமது. நெப்போலியன் முதற் கொன்சலாக ஆட்சிசெய்த 1802ஆம் ஆண்டில், ஊர்க் ஆற்றின் நீரைத் தலைநகருக்குக் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் வெட்டப்பட்ட ஊர்க் கால்வாயின் தொடர்ச்சியாக அமைந்ததே சென் மார்த்தன் கால்வாய். 1825இல் திறக்கப்பட்ட இது, வடக்கேயுள்ள வில்லெத் நீர்த்தேக்கத்தைச் செயின் நதியுடன் இணைக்கின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர். 25 மீட்டர் உயர வேறுபாட்டைச் சமாளிப்பதற்காக, படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் 9 கதவணைகள் இதில் அமைக்கப்பட்டன.

இப்பெருந்திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நகருக்குள் வரும் திராட்சை மதுவின்மீது வரி விதிக்கப்பட்டது. செல்வந்தனின் கிண்ணத்திலும் கூலியாளின் கிண்ணத்திலும் வரி விழுந்ததெனினும், அதன் சுமையை உணர்ந்தவன் கூலியாளே. இவ்வாறு மண்ணை வெட்டியவனும், அவ்வெட்டுக்குத் தன் செலவிலிருந்து ஒரு பங்கைக் கொடுத்தவனும் ஒருவனேயானான்.

கால்வாய் வந்ததும் தானியமும் கட்டடப் பொருட்களும் படகுகளில் வந்து குவிந்தன. பண்டகசாலைகளும் பட்டறைகளும் எழுந்தன. கிழக்குப் பாரிஸ் உழைப்பாளரின் உறைவிடமாயிற்று. 1848 பெப்ரவரிப் புரட்சியின்பின் வேலையற்றோருக்காகத் தேசியத் தொழிற்கூடங்கள் நிறுவப்பட்டன. அவற்றைக் கலைக்க அரசு முற்பட்டபோது, ஜூன் 23ஆம் நாள் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். தெருக்கற்களைப் பெயர்த்து அரண்கள் அமைத்த அவர்களுக்குக் கால்வாய் ஓர் அகழியாக உதவியது. தளபதி கவெஞ்ஞாக்கின் படைகள் நான்கே நாட்களில் அவ்வெழுச்சியை இரத்த வெள்ளத்தில் அமிழ்த்தின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஆளும் வர்க்கம் இப்பாடத்தை மறக்கவில்லை. மூன்றாம் நெப்போலியனின் கீழ்ப் பாரிஸை மாற்றியமைத்த ஓஸ்மான், 1860களின் தொடக்கத்தில் கால்வாயின் தென்பகுதியின் மட்டத்தைத் தாழ்த்தி, அதன்மேல் வளைவுக் கூரையிட்டு, அகன்ற வீதியொன்றை அமைத்தார். இன்று ரிஷார் லெனுவார் என வழங்கும் அவ்வீதியில் உலாவுவோர், தம் காலடியில் படகுகள் செல்வதை அறியார். கிளர்ச்சியாளருக்கு அரணாக இருந்த நீரை மறைத்து, அவர்களின் கோட்டைக்குள்ளேயே படை செல்ல வழி திறந்ததைத் தமது நினைவுக் குறிப்புகளில் ஓஸ்மான் மூடிமறைக்கவில்லை; பெருமையாகவே பதிவு செய்தார். நகரமைப்பு அரசியலுக்கு அப்பாற்பட்டதென வாதிடுவோருக்கு அவரே தக்க பதிலளித்துள்ளார்.

எனினும், மூடப்படாத வடபகுதியின் கரைகளில் உழைப்பாளர் வாழ்வு தொடர்ந்தது. அருகிலுள்ள கிராஞ் ஓ பெல் தெருவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சங்கங்களின் தலைமையகம் இயங்கிற்று. ஜெமாப் கரையில் சிறு விடுதியொன்றை நடத்திய பெற்றோரின் மகனான எழுத்தாளர் எழேன் தபி, அங்கு தங்கிய வண்டிக்காரரையும் பணிப்பெண்களையும் கூலிகளையும் பாத்திரங்களாக்கி 1929இல் 'ஓட்டல் து நோர்' என்னும் நாவலை வெளியிட்டார். 1938இல் மார்செல் கார்னே அதனைத் திரைப்படமாக்கினார். படத்துக்காகக் கால்வாய்க் கரையையே படப்பிடிப்புத் தளத்தில் செயற்கையாகக் கட்டினர். அவ்விடுதிக் கட்டடம் இன்று உணவகமாக விளங்குகின்றது. கூலிகள் போயினர், அவர்களைப் பற்றிய கதையின் பெயர் மட்டும் வாசலில் எஞ்சியுள்ளது.

புகைவண்டியும் லொறியும் பெருகியபோது படகுகள் குறைந்தன. 1960களில் கால்வாயை நிரப்பி மோட்டார் வண்டிகளுக்கான பெருவீதி அமைக்கவும் திட்டமிடப்பட்டது. அத்திட்டம் 1970களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. 1993இல் கால்வாய் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாயிற்று. கல்லும் பாலமும் காப்பாற்றப்பட்டன. ஆனால் அங்கு வாழ்ந்த மக்களைக் காக்க எச்சட்டமும் எழவில்லை. பட்டறைகள் மூடப்பட்டன. வாடகை ஏறியது. 'போபோ' என்று பாரிஸ் மக்கள் பரிகாசமாக அழைக்கும் வசதிபடைத்த புதிய நடுத்தர வர்க்கத்தினர் குடியேறினர். பழைய குடிகள் பலர் புறநகர்களுக்குத் தள்ளப்பட்டனர்.

2006 டிசம்பரில் இக்கரையில் ஒரு புதுக்காட்சி தோன்றியது. வீடற்றோருக்காக 'டொன் கிஹோட்டேயின் பிள்ளைகள்' என்னும் இயக்கத்தினர் இங்கே வரிசையாகக் கூடாரங்களை நிறுத்தினர். வீடுள்ளவர்களும் ஓரிரவேனும் அக்குளிரில் வந்து உறங்கிப் பார்க்க வேண்டுமென அழைத்தனர். நாடே திரும்பிப் பார்த்தது. இதன் விளைவாக 2007 மார்ச் 5ஆம் நாள், வீட்டுரிமையை நீதிமன்றத்தின்மூலம் கோருவதற்கு வழிசெய்யும் சட்டம் பிறந்தது. எனினும் சட்டம் எழுதப்பட்டதும் வீடுகள் முளைத்துவிடவில்லை. 2018இல் இதே கரையில் மீண்டும் கூடாரங்கள் எழுந்தன. இம்முறை அவற்றில் ஒதுங்கியோர் பெரும்பாலும் ஆப்கானிய அகதிகள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பொலிசார் அவர்களை அப்புறப்படுத்தினர்.

இவ்விடத்தில் நம்மவரையும் நினைவுகூர்தல் வேண்டும். கால்வாயின் வடமுனையிலிருந்து நடந்துசெல்லும் தூரத்திலேயே 'லாச்சப்பல்' என்று நம்மவர் வழங்கும் தமிழர் கடைவீதி உள்ளது. 1980களிலிருந்து போரால் துரத்தப்பட்டு அந்நகரை அடைந்த ஈழத்தமிழருட் பலர், உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவியும் காய்கறி நறுக்கியும் வாழ்வைத் தொடங்கினர். முன்புறத்து விளக்கொளியில் அமர்ந்து உண்பவர் அவர்களைக் காண்பதில்லை. நிலத்தடியில் மறைக்கப்பட்ட கால்வாயைப் போலவே அவர்களுடைய உழைப்பும் கண்ணுக்குப் புலப்படாது ஓடுகின்றது.

நாளை நம்மிடையேயிருந்து மாணவர் எவரேனும் அக்கரைக்குச் செல்லக்கூடும். பாலத்தின்மேல் நின்று புகைப்படம் எடுக்கட்டும். பின்னர் அக்கரைகளின் பெயர்ப்பலகைகளையும் படிக்கட்டும். வால்மி, ஜெமாப் என்பவை 1792இல் புரட்சிப் படைகள் வென்ற போர்க்களங்களின் பெயர்கள். முடியாட்சிகளை எதிர்த்து அங்கு நின்றவர்களின் வழித்தோன்றல்களுக்கு இன்று அதே பெயர்கொண்ட கரையில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்க இயலுமா? அவ்வினாவுடன் அவர் ஊர் திரும்புவாராயின், அப்பயணம் பயனுடையதே.