பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்புகள்

பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ பணியாற்றும் ஆசிரியர், பிள்ளை பெறும்போதும் தத்தெடுக்கும்போதும் பிள்ளையை வளர்க்கும் காலத்திலும், வேலையை இழக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய விடுப்புகள் இவை. இந்தியாவில் மகப்பேறு விடுப்பு, தந்தையர் விடுப்பு, தத்தெடுப்பு விடுப்பு, வாடகைத்தாய் வழிப் பிறக்கும் குழந்தைக்கான விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என இவை ஐந்து வகைப்படும். நாள்கணக்கை மட்டும் பார்த்தால் இந்திய விதிகள் தாராளமானவை. ஆயினும் ஒரு விடுப்பின் பயனை அறிய நாள்கணக்கு போதாது. அது எவ்வகைப் பணியாளருக்குக் கிடைக்கிறது, பணி உயர்வின்போது அந்தக் காலம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு விளங்கும்.

விதிகளும் வகைகளும்

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017இல் திருத்தப்பட்டபோது ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. இந்தக் கால அளவே 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. உயர்கல்வி ஆசிரியர்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட ஒழுங்குமுறைகள், பணிக்காலத்தில் இரண்டு முறை 180 நாள் முழு ஊதிய மகப்பேறு விடுப்பை அனுமதிக்கின்றன. கருச்சிதைவுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 45 நாள் உண்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கவனிக்கப் பெண் ஆசிரியர்கள் பணிக்காலத்தில் 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பெறலாம். ஆண் ஆசிரியருக்கு மனைவியின் மகப்பேற்றின்போது 15 நாள் மட்டுமே. அதுவும் இரண்டு குழந்தைகள் வரைதான். தத்தெடுப்புக்கும் வாடகைத்தாய் முறைக்கும் மத்திய அரசின் விதிகள் பொருந்தும். தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் ஓராண்டாகவும் உயர்த்தியது. ஆய்வு மாணவிகளையும் விதிகள் விட்டுவிடவில்லை: முனைவர் பட்டக் காலத்தில் 240 நாள் வரை அவர்கள் விடுப்பு எடுக்கலாம்.

யாருக்குக் கிடைக்கிறது?

இந்த விதிகள் நிரந்தரப் பணியில் உள்ள ஆசிரியரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் இன்று வகுப்புகளில் பெரும் பங்கைக் கௌரவ விரிவுரையாளர்களும் ஒப்பந்த ஆசிரியர்களும் சுமக்கிறார்கள். மானியக் குழுவின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி கௌரவ ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் வழங்கலாம். வகுப்புக் கணக்கில் ஊதியம் பெறுபவருக்கு, வகுப்பு எடுக்காத நாள் ஊதியமில்லாத நாள். பருவந்தோறும் நியமனம் புதுப்பிக்கப்படும் இடத்தில், விடுப்பில் போனவருக்கு அடுத்த நியமனம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒப்பந்தமே முடிந்துவிட்டால் விடுப்புக்கு எங்கே இடம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஏற்க மறுத்தது. டெல்லி அரசு மருத்துவமனையொன்றின் ஒப்பந்த மருத்துவர் தொடுத்த வழக்கில், தகுதி பெற்றவருக்கான மகப்பேறு பயன்கள் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தொடரும் என்று அது தீர்ப்பளித்தது. தனியார் கல்வி நிறுவனங்களின் நிலையும் சீராக இல்லை. அவற்றின் ஆசிரியர்களை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரக் கேரளம் 2020இல் தனி அறிவிக்கை வெளியிட வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சான்று.

பணி உயர்வும் விடுப்புக் காலமும்

உயர்கல்வியில் முதல் பத்தாண்டுகளில் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளே பின்னாளைய உயர்வைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. பிள்ளை பெறும் வயதும் அதே பத்தாண்டுகளில்தான் வருகிறது. ஆகவே விடுப்பு முடிந்து திரும்புபவரை எந்த அளவுகோலால் அளப்பது என்பது மையமான கேள்வி. 2018 ஒழுங்குமுறைகள் இதற்குப் பாதி விடை தருகின்றன: மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்புக் காலத்தை நீக்கி, எஞ்சிய காலத்தின் பணியை முழுக் காலத்துக்கும் விரித்துக் கணக்கிட வேண்டும், விடுப்பு எடுத்ததால் பணி உயர்வில் பாதகம் கூடாது. கற்பித்தலுக்கு இந்தக் கணக்கு எளிதில் பொருந்தும். ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பொருந்துவது கடினம். இத்தனை கட்டுரைகள் வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பு இருக்கும்வரை, ஆய்வு தடைப்பட்ட மாதங்களின் இழப்பு ஆசிரியரையே சேர்கிறது. தகுதிகாண் பருவத்திலும் இதே சிக்கல் உண்டு. மகப்பேறு விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்துக்கும் கணக்கில் கொள்ளலாம் என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது சரியான திசையில் வைத்த அடி.

மறுப்புகளும் விடைகளும்

நீண்ட விடுப்பால் மாணவர் படிப்பு கெடும் என்பது அடிக்கடி எழும் மறுப்பு. திடீர் நோய்க்கு இது பொருந்தலாம். மகப்பேறு பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. 180 நாள் ஏறக்குறைய ஒரு பருவத்தின் அளவு. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 45 நாளைத் தாண்டினால் மாற்று ஆசிரியரை அமர்த்தவும் மானியக் குழு இடம் தந்திருக்கிறது. மாற்று ஆள் இல்லாமல் சக ஆசிரியர்கள் தலையில் வகுப்புகள் விழுவது நிர்வாகக் குறைபாடு. அதற்கு விடுப்பைப் பழிப்பதில் நியாயமில்லை.

தந்தையருக்கும் நீண்ட விடுப்பு கொடுத்தால் அதை அவர்கள் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அமெரிக்காவில் இதற்குச் சான்று உண்டு. அங்கே நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டுக் காலத்தைப் பிள்ளை பிறந்தால் ஓராண்டு நீட்டிக்கும் முறையைப் பல பல்கலைக்கழகங்கள் இருபாலருக்கும் பொதுவாக்கின. முன்னணிப் பொருளியல் துறைகளை ஆராய்ந்து ஆன்டெகோல், பெடார்ட், ஸ்டெர்ன்ஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட கட்டுரை, அதன் பின் முதலில் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணி பெறும் ஆண்களின் விகிதம் கூடியதையும் பெண்களின் விகிதம் குறைந்ததையும் காட்டியது. இதிலிருந்து தந்தையருக்கு விடுப்பே கூடாது என்ற முடிவுக்கு வருவது பொருந்தாது. அங்கு வழங்கப்பட்டது மதிப்பீட்டுக் கால நீட்டிப்பு. குழந்தையைக் கவனித்தாரா என்ற கேள்வி அதில் இல்லை. தந்தையின் பங்கை 15 நாளோடு நிறுத்துவதும் நடுநிலையான ஏற்பாடு அன்று. பெண்ணை அமர்த்தினால் ஈராண்டு விடுப்பு, ஆணை அமர்த்தினால் அரை மாதம் என்று தேர்வுக் குழுவைக் கணக்குப் போட வைப்பது அந்த இடைவெளியே. தாய் பணிக்குத் திரும்பிய பின் தந்தை பொறுப்பேற்கும் வகையில் விடுப்பைப் பிரித்துக் கொடுத்தால் இரு குறைகளும் தணியும்.

ஆகவே சீர்திருத்தம் வேண்டிய இடங்கள் மூன்று: ஒப்பந்த ஆசிரியருக்கும் ஊதிய விடுப்பு, பராமரிப்போடு இணைந்த தந்தையர் விடுப்பு, ஆய்வுக் கட்டுரை வரம்பை விடுப்புக் காலத்துக்கு ஏற்பக் குறைக்கும் மதிப்பீடு. இம்மூன்றையும் செய்யாமல் தாயின் விடுப்பை மட்டும் நீட்டிக்கொண்டே போவது, பிள்ளை வளர்ப்பின் செலவைப் பெண் ஆசிரியரின் பணி வாழ்விலேயே எழுதி வைப்பதாகும்.