சோயாமீற்: யாழ்ப்பாணக் குடாநாட்டில்

சோயாமீற் என்பது எண்ணெய் நீக்கிய சோயா மாவிலிருந்து செய்யப்படும் உலர் புரத உணவு. ஊறவைத்துச் சமைத்தால் இறைச்சியைப் போன்ற நார்த்தன்மை பெறும். தமிழ்நாட்டில் இதை மீல்மேக்கர் என்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது மச்சம் விலக்கும் நாட்களின் கறியாகவும், மீனும் இறைச்சியும் வாங்க இயலாத வீடுகளின் மலிவான புரதமாகவும் நிலைபெற்றுள்ளது.

தோற்றம்

தாவரப் புரதத்திலிருந்து இறைச்சி போன்ற உணவு செய்யும் முயற்சி அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. சோயாப் புரதத்தை இழைகளாக நூற்கும் முறைக்கு றொபேட் போயர் 1954 இல் காப்புரிமை பெற்றார். அது செலவு மிகுந்த முறை. ஆர்ச்சர் டானியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் 1960களில் அதைவிட எளிய வழியைக் கண்டது. அதற்கான காப்புரிமை 1970 இல் அந்நிறுவனத்தின் வில்லியம் அற்கின்சன் பெயரில் வழங்கப்பட்டது. இன்றைய சோயாமீற் பெரும்பாலும் இந்த வழியிலேயே உருவாகிறது.

தோல் நீக்கிய சோயா அவரையைத் தட்டையாக்கி எண்ணெயைப் பிரித்தபின் எஞ்சுவதை மாவாக்குவர். அம்மாவை நீருடன் சேர்த்து, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பொறியின் சிறு துளை வழியே தள்ளுவர். வெளியே வந்ததும் அழுத்தம் சட்டெனக் குறைய, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும். மா பஞ்சுபோல் உப்பி நார்த்தன்மை அடையும். பின்னர் வெட்டி உலர்த்துவர். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. அவற்றின் பெரும்பகுதி இந்த வெப்பத்தில் செயலிழக்கிறது.

1971 இல் அமெரிக்கப் பாடசாலை மதிய உணவில் இறைச்சியுடன் 30 சதவீதம் வரை, நீரேற்றிய சோயாப் புரதத்தைக் கலக்க அனுமதி கிடைத்தது. குறைந்த செலவில் பலருக்குப் புரதம் கொடுக்கும் பொருளாக இதன் பெயர் பரவியது.

இலங்கையில்

இலங்கையில் சோயா பரவலாக அறிமுகமானதற்குப் போசாக்குக் குறைபாடு பற்றிய கவலை ஒரு முக்கிய காரணம். கெயார் நிறுவனத்தின் துணையுடன் 1973 இல் தொடங்கிய திரிபோஷ திட்டம், சோளமும் சோயாவும் சேர்ந்த சத்துமாவைக் கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், எடை குறைந்த குழந்தைகளுக்கும் வழங்கியது. அதே பத்தாண்டில் விவசாயத் திணைக்களம், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தின் சோயாத் திட்டத்துடனும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளுடனும் இணைந்து பயிர்ச்செய்கையை ஊக்குவித்தது. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் இயங்கிய சோயா உணவு ஆராய்ச்சி நிலையம், இப்பயிரை வீட்டுச் சமையலுக்கு ஏற்ற உணவாக்கும் வழிகளைத் தேடியது. பின்னர் லங்காசோய், ரைகம் போன்ற வணிகப் பெயர்களில் சோயாமீற் சிறு பொதிகளாகக் கடைகளை நிறைத்தது. கோழி, இறால், நண்டு என்று பலவகைச் சுவைத்தூள் சேர்ந்த பொதிகளும் கிடைக்கின்றன.

குடாநாட்டில்

யாழ்ப்பாணத்தார் உணவில் புரதத்தின் முதன்மை ஆதாரம் கடலுணவு. அதேவேளை சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் மரக்கறிக்கு உரியவை. ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பல குடும்பத்தினர் முற்றாக மச்சம் தவிர்ப்பர். பருப்பு, பயறு, உளுந்து, கடலை ஆகியவை அந்நாட்களில் நெடுங்காலமாகப் புரதம் தந்தன. மென்று உண்ணும் பிரட்டல் கறிக்கு ஏற்ற ஒரு பொருளைச் சோயாமீற் அவற்றுடன் சேர்த்தது.

உள்நாட்டுப் போர் சோயாமீற்றின் தேவையைக் கூட்டியது. 1983 இன் பின் வடக்குக் கடலில் மீன்பிடிக்கு விதித்த கட்டுப்பாடுகள் மீனவர் தொழிலையும் ஊரார் உணவையும் ஒருங்கே தாக்கின. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையாலும் பாதை மூடலாலும் குடாநாட்டுக்குப் பொருட்கள் வருவது சுருங்கியது. அவ்வாண்டு முதல் இரு பத்தாண்டுகளுக்கு மேலாகக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து பிரிந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியை நம்ப முடியாத ஊரில், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் உலர் உணவின் அருமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி 2002 இல் திறந்தபோது தென்னிலங்கைப் பொருட்கள் பெருமளவில் வந்தன. 2006 இல் அது மீண்டும் மூடப்பட்டுத் தட்டுப்பாடு திரும்பியது. போர் முடிந்த 2009 இன் பின்னரே வழமையான வணிகம் மீண்டது.

சமையல்

துண்டுகளைக் கொதிநீரில் ஊறவிட்டு, நன்கு பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி மீண்டும் பிழிவர். சோயாவின் பச்சை மணம் இப்படித்தான் நீங்கும். பிழிவது குறைந்தால் உறைப்பும் உப்பும் உள்ளே இறங்கா. பிழிந்த துண்டுகளை எண்ணெயில் சிவக்கப் பொரித்தோ வதக்கியோ வைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், பெருஞ்சீரகம், இரம்பை, கறிவேப்பிலை தாளித்து, வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள் சேர்ப்பர். தேங்காயின் இரண்டாம் பாலில் அவித்து, முதற்பால் விட்டுப் பிரட்டி, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுவர். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் பாணுக்கும் இக்கறி பொருந்தும். உருளைக்கிழங்குடன் சேர்த்து ரோல்ஸ், பற்றிஸ் ஆகியவற்றின் உள்ளீடாகவும், மரக்கறிக் கொத்துரொட்டியிலும் இது பயன்படுகிறது. இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ் நகரங்களின் தமிழ்க் கடைகளிலும் இலங்கைச் சோயாமீற் விற்பனையாகிறது.

உணவுப் பெறுமானம்

சுவை சேர்க்காத உலர் சோயாமீற்றில் ஏறத்தாழ பாதி புரதம். பருப்பிலும் பயறிலும் புரதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. உலர் எடையில் 30 கிராம் சமைத்தால் சுமார் 15 கிராம் புரதம் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் நாளாந்தத் தேவையான 48 கிராமில் இது மூன்றில் ஒரு பங்கை அண்மிக்கிறது. ஊறும்போது இரண்டு மூன்று மடங்கு எடை கூடுவதால், அளவை உலர் நிலையிலேயே கணக்கிட வேண்டும். சோயாப் புரதத்தில் உடலுக்கு இன்றியமையாத எல்லா அமினோ அமிலங்களும் உள்ளன. அரிசியில் குறையும் லைசினை இது ஈடுசெய்கிறது. இறக்கியபின் விடும் தேசிக்காய்ப் புளி, கறியிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது.

குறைகளும் உண்டு. இதில் உயிர்ச்சத்து பி12 இயல்பாக இல்லை. மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பையும் இது தராது. சுவைத்தூள் சேர்ந்த பொதிகளில் உப்பு அதிகம். உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் சாதாரண சோயாமீற்றை வாங்கி வீட்டுத் தூளில் சமைப்பதே நல்லது. சோயா ஒவ்வாமை உள்ளோர் தவிர்க்க வேண்டும்.

இன்றைய நிலை

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி இலங்கையின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. மீன், முட்டை, இறைச்சி, பால்மா அனைத்தும் எளிய குடும்பங்களின் கைக்கு எட்டாமல் விலகின. சோயாமீற்றின் விலையும் ஏறியது. எனினும் சிறு பொதி ஒன்றைக் கிழங்குடன் சேர்த்துக் குடும்பம் முழுவதற்கும் கறியாக்க முடிந்தது. கடலும் வயலும் தரும் உணவுக்கு இது மாற்று அல்ல, துணை. வளரும் பிள்ளைகள் உள்ள வீடுகள் மீன், முட்டை, பயறு, உளுந்து, முருங்கையிலை ஆகியவற்றுடன் வாரத்தில் ஓரிரு நாள் இதையும் சேர்த்தால், குறைந்த செலவில் புரதக் குறையை நிரப்பலாம்.