கைமாற்றா, கொடையா?

தொழில் நொடித்துப்போகும் நிலையில் முதலாளி கையேந்தி வந்தால், தொழிலாளி தன் கூலியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாமா? கொடுப்பதே விவேகம் என்பர் ஒரு சாரார். கொடுக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது என்பர் மறு சாரார். தொழிற்சங்கம் என்று ஒன்று தோன்றிய நாள்முதல் தீராதிருக்கும் வழக்கு இது. இவ்வழக்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1979ஆம் ஆண்டு எழுந்தபோது, இருதரப்பு நியாயங்களும் ஒளிவு மறைவின்றி வெளிப்பட்டன. ஆகவே அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

டெட்ராய்ட், மோட்டார்க் கார்களின் தலைநகரம். அங்கிருந்த ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கம் கெஞ்சிக் கேட்டு வளர்ந்ததன்று. 1936 டிசம்பர் 30 அன்று ஃபிளிண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள்ளேயே அமர்ந்துவிட்ட தொழிலாளர்கள், கடுங்குளிரில் 44 நாட்கள் அசையாதிருந்து தம் சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றனர். 1948இல் விலைவாசிக்கேற்பக் கூலியும் ஏறும் ஏற்பாடு கிடைத்தது. நம் நாட்டில் பஞ்சப்படி என்கிறோமே, ஏறத்தாழ அது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் ஒரே கூலி என்பது அச்சங்கத்தின் அடிப்படை விதி. ஓரிடத்தில் கூலி தாழ்ந்தால் மற்ற இடங்களிலும் தாழும் என்பதை அறிந்து வகுத்த விதி அது.

அவ்விதி முறிந்தது கிரைஸ்லரில். 1979இல் ஈரானியப் புரட்சியையொட்டி எண்ணெய் விலை ஏறவே, எரிபொருளைக் குடிக்கும் பெரிய கார்கள் விலைபோகாமல் தேங்கின. அவ்வாண்டில் மட்டும் கிரைஸ்லரின் நட்டம் நூறு கோடி டாலருக்கும் அதிகம். அதன் தலைவர் லீ அயகோக்கா அரசாங்கத்தின் வாயிலில் போய் நின்றார். 1980 ஜனவரி 7 அன்று ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தின்படி, 150 கோடி டாலர் கடனுக்கு அரசு பிணை நிற்க இசைந்தது. ஆனால் சங்கத் தொழிலாளர் தம் பங்காக 46 கோடியே 25 லட்சம் டாலர் அளவுக்கு விட்டுத்தர வேண்டும் என்பது நிபந்தனை. 1979 அக்டோபரிலேயே ஒருமுறை இறங்கி வந்திருந்த சங்கம், 1980 ஜனவரியில் மறுமுறையும், 1981 ஜனவரியில் மூன்றாம் முறையும் இறங்கிற்று. முதலில் கூலி உயர்வைத் தள்ளிவைப்பதாகத்தான் பேச்சு. மூன்றாம் முறையில் அது கூலிக் குறைப்பாகவே முடிந்தது.

அப்போது சங்கத் தலைவராயிருந்தவர் டக்ளஸ் ஃபிரேசர். கிளாஸ்கோவில் பிறந்து, கிரைஸ்லரின் ஆலையொன்றிலேயே உழைத்து உயர்ந்தவர். முதலாளிகள் தொழிலாளர்மீது ஒருதலையான வர்க்கப்போர் தொடுத்துவிட்டனர் என்று குற்றஞ்சாட்டி, 1978இல் தொழிலாளர்-நிர்வாக ஆலோசனைக் குழுவிலிருந்து விலகியவரும் அவரே. இரண்டாண்டுகள் நிறைவதற்குள், 1980 மே மாதத்தில், கிரைஸ்லரின் இயக்குநர் குழுவில் அவரே அமர்ந்தார். பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்றில் தொழிற்சங்கத் தலைவருக்கு இத்தகைய இடம் கிடைத்தது அதுவே முதன்முறை. விலைபோய்விட்டார் என ஏசியோரும் உண்டு. அது அநியாயமான பேச்சு. நிறுவனமே வீழ்ந்துவிட்டால் எந்தக் கூலியைக் காப்பது என்ற கேள்வி அவர்முன் நின்றது. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிய வேண்டும் என்ற பொறுப்பைச் சுமந்தவர், வெளியில் நின்று வீரம் பேசுவோரைப்போல் பேசிவிட முடியாது.

எனினும் எதிர்த்தவர்கள் சொன்னதும் வெறும் வீம்பன்று. சட்டம் கையெழுத்தாவதற்கு மூன்று நாள் முன்னர், ஜனவரி 4 அன்று, ஹாம்டிராம்க் நகரிலிருந்த கிரைஸ்லரின் புகழ்பெற்ற டாட்ஜ் மெயின் ஆலையில் உற்பத்தி நின்றது. போலந்துக்காரர், கறுப்பினத்தவர், யமன் முதலிய அரபு நாட்டவர் எனப் பலரும் உழைத்த ஆலை அது. கடல் கடந்து சென்றவரின் பணத்தை எதிர்நோக்கும் வீடுகளை நம் ஊர்களில் அறியாதவர் யார்? அத்தகைய வீடுகள் யமனிலும் இருந்தன. கூலியை விட்டுக்கொடுத்தால் வேலை நிலைக்கும் என்ற வாக்கு அவ்வாலையின் மக்களுக்குப் பலிக்கவில்லை.

நோய் அடுத்த வீட்டுக்கும் பரவிற்று. 1982இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதே சலுகையைக் கேட்டுப் பெற்றன. ஜெனரல் மோட்டார்ஸில் 52 விழுக்காட்டினரே இசைந்தனர். ஒப்பந்தத்தின் மை உலருமுன் உயர் அதிகாரிகளுக்குக் கூடுதல் போனஸ் தரும் திட்டம் வெளியாயிற்று! எழுந்த கொந்தளிப்பைக் கண்டு நிர்வாகம் பின்வாங்கியது. ஆனால் மனத்தில் பட்ட காயம் ஆறவில்லை.

கனடா நாட்டுக் கிரைஸ்லர் தொழிலாளரோ வேறு வழி சென்றனர். பாப் ஒயிட் என்பாரின் தலைமையில் 1982 நவம்பரில் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றனர். கனடாவில் மருத்துவச் செலவை அரசே ஏற்பதால் நிறுவனத்துக்கு ஆட்செலவு குறைவு என்பதையும் சொல்லவேண்டும். அவர்களது துணிவுக்கு அதுவும் ஊன்றுகோல். இக்கருத்து வேற்றுமையே முற்றி, 1985இல் அவர்கள் தனிச் சங்கம் கண்டனர்.

கிரைஸ்லர் பிழைத்தது. 1983இல், தவணைக்கு ஏழாண்டு முன்னரே, பிணைபெற்ற கடன் முழுவதையும் தீர்த்தது. இங்கேதான் கவனிக்கத்தக்க ஒரு வேறுபாடு இருக்கிறது. அரசு தன் பிணைக்கு ஈடாகப் பங்குகள் வாங்கும் உரிமைப் பத்திரங்களை முன்னரே எழுதி வாங்கியிருந்தது. அவற்றைச் சும்மா திருப்பித் தருமாறு நிறுவனம் வேண்டியபோது மறுத்து, விற்று, ஏறத்தாழ 31 கோடி டாலர் ஈட்டியது. தொழிலாளருக்கும் சட்டப்படி சில பங்குகள் வந்தன. ஆனால் நிறுவனம் தலையெடுத்த நாளில் குறைந்த கூலி தானே பழைய அளவுக்கு ஏறும் என்ற ஏற்பாடு இல்லை. அரசு கொடுத்தது கைமாற்று. தொழிலாளி கொடுத்தது கொடையாகப் போயிற்று. மற்ற இரு நிறுவனங்களின் கூலிக்கு நிகரான கூலியைப் பெற, 1985 அக்டோபரில் அவர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நெருக்கடியில் ஆண்டுக்கு ஒரு டாலர் சம்பளம் பெற்றுப் புகழடைந்த அயகோக்காவுக்கு 1986இல் கிடைத்த மொத்த வரும்படி ஏறத்தாழ இரண்டு கோடி டாலர்.

விட்டுக்கொடுக்கும் வழக்கம் அதன்பின் நிலைத்துவிட்டது. 2007இல் புதிதாகச் சேர்வோருக்கு ஏறத்தாழ பாதிக் கூலி என ஒப்பந்தமாயிற்று. ஒரே இயந்திரத்தின் இருபுறமும் இருவேறு கூலி பெறுவோர் நின்றனர். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி அரசின் உதவியை நாடியபோது, விலைவாசிப் படியும் போயிற்று. அதை மீட்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2023 செப்டம்பர் 15 அன்று ஷான் ஃபெயின் தலைமையில் சங்கம் மூன்று நிறுவனங்களிலும் ஒருசேர வேலைநிறுத்தம் தொடங்கியது. அதுவரை அச்சங்கம் அவ்வாறு செய்ததில்லை. ஆறு வாரங்களில் விலைவாசிப் படி திரும்பியது. 2028 ஏப்ரலுக்குள் 25 விழுக்காடு உயர்வும் உறுதியாயிற்று. 2007க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் மட்டும் அவ்வொப்பந்தத்திலும் கிடைக்கவில்லை.