சிக்னலில் வந்த யோசனை

"கதை படிச்சு என்னடா கிடைக்கப்போகுது?" இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் விடுதியில் கேட்ட கேள்வி. இன்று யாராவது கேட்டால் லியோ ஸிலார்டைப் பற்றிச் சொல்வேன்.

ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர். எச்.ஜி. வெல்ஸ் எழுதி 1914-இல் வெளிவந்த 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' நாவலை 1932-இல் படித்தார். அதில் அணுகுண்டுகள் விழுந்து நகரங்கள் அழிகின்றன. மறுவருடம் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தார். அணுவிலிருந்து ஆற்றல் எடுப்பது வெறும் கனவு என்று ரூதர்ஃபோர்டு பேசியதை 1933 செப்டம்பரில் நாளிதழில் படித்தவருக்கு எரிச்சல். சவுத்தாம்ப்டன் ரோ சிக்னலில் சாலையைக் கடக்கும்போது பொறி தட்டியது: அணுவைத் தாக்கும் ஒரு நியூட்ரான் இரண்டை வெளியே தள்ளினால்? தொடர்வினை!

1934-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் அது வெளியே தெரியக்கூடாது என்று 1936-இல் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்துவிட்டார். வெல்ஸைப் படித்திருந்ததால் விளைவு தெரிந்திருந்தது என்று பின்னால் அவரே சொன்னார்.

ஹிட்லர் முந்திவிடுவாரோ என்ற பயத்தில் 1939-இல் ஐன்ஸ்டைனைக் கடிதத்தில் கையெழுத்திட வைத்தவரும் இவர்தான். எச்சரிக்காமல் ஜப்பான்மீது குண்டு போடாதீர்கள் என்று 1945 ஜூலையில் மனு எழுதி, சக விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கியவரும் இவர்தான். குண்டு விழுந்தது. நாவல் அதைத் தடுக்கவில்லை.

1961-இல் ஸிலார்டின் புத்தகம் ஒன்று வந்தது. சிறுகதைத் தொகுப்பு!

எழுதிய நிரல் ஓடுமா என்று பார்க்க எனக்குக் கல்லூரி கற்றுக்கொடுத்தது. ஓடினால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வைத்தது, விடுதியில் ஒளித்துவைத்துப் படித்த கதைகள்தான்.