பொன் மருந்தும் ஒரு மாணவியின் பல்லும்



1980-களில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்தபோது ஒரு மாணவி வாய்விட்டுச் சிரிக்கவே மாட்டாள். முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை பட்டையாகக் கறை. "பல் விளக்கும் பழக்கமே இல்லையா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். "தினமும் விளக்குறா சார். ரெண்டு வயசுல காய்ச்சலுக்கு அடிக்கடி டெட்ராசைக்ளின் குடுத்தோம். அதனாலதான்னு டாக்டர் சொன்னாரு" என்றார். தலைகுனிந்து நின்றேன். பிறகுதான் அந்த மருந்தின் கதையைத் தேடிப் படித்தேன்.

கதை மண்ணில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் பேராசிரியர், பணி ஓய்வுக்குப் பிறகு எழுபது வயதைக் கடந்த நிலையில் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். மிசௌரி பல்கலைக்கழக வயலின் மண்ணில் பொன்னிற நுண்ணுயிரி ஒன்றைக் கண்டார். அதிலிருந்து வந்ததே ஆரியோமைசின். 1948-இல் வெளியான அதுதான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

அந்த ஆய்வுகளுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். மருந்து வெளிவந்த அதே 1948-இல் காலமானார்.

பென்சிலினுக்கு அடங்காத டைபஸ் போன்ற காய்ச்சல்களும் இந்த மருந்துக்கு அடங்கின. கிருமி தனக்கான புரதத்தைச் செய்யவிடாமல் தடுத்து, அதன் பெருக்கத்தை இது நிறுத்திவிடும். 1967-இல் வந்த டாக்சிசைக்ளின் இதன் தம்பி. இன்றும் நம் ஊர் உண்ணிக் காய்ச்சலுக்கு முதல் மருந்து அதுவே.

ஆனால் இந்தக் குடும்பத்துக்குக் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. பல் உருவாகும் வயதில் டெட்ராசைக்ளின் கொடுத்தால், அது பல்லிலேயே படிந்துவிடும். தேய்த்தாலும் போகாது. 1950-களில்தான் மருத்துவர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்பது அதனால்தான். டாக்சிசைக்ளின் கால்சியத்தோடு ஒட்டுவது குறைவு. ஆகவே உண்ணிக் காய்ச்சல் போன்ற ஆபத்தில் மருத்துவர் அதைக் குழந்தைக்கே எழுதினாலும் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கக் கூடாது என்பதற்கும் அதே குணம்தான் காரணம். பாலின் கால்சியம் வயிற்றிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேராது. நெஞ்செரிச்சல் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. எவ்வளவு நேரம் இடைவெளி விடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். சாப்பிடும் நாட்களில் கடும் வெயில் வேண்டாம், தோல் கன்றிப்போகும்.

நம் வீடுகளில் மிச்ச மாத்திரையை டப்பாவில் போட்டுவைத்து அடுத்த காய்ச்சலுக்கு எடுக்கும் பழக்கம் உண்டு. தயவுசெய்து விடுங்கள். காலாவதியாகிக் கெட்டுப்போன டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு என்று 1960-களிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த மாணவிக்கு இப்போது ஐம்பது வயதை நெருங்கியிருக்கும். அம்மா, நீ இதைப் படித்தால்: அன்று எல்லோர் முன்னிலையிலும் கேட்ட கேள்விக்கு, இன்று எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். நன்றாகச் சிரி.