பம்பு மேல போட்ட பழி

பிச்சாவரம் போற வழியில் ஒரு பட்டறை. சின்ன டிராக்டரின் லோடர் மண்ணை அள்ளுது, தூக்க மாட்டேங்குது. "பம்பு போச்சுண்ணே, புதுசு போட்டுடலாமா?" என்றார் வண்டிக்காரர். பெரியவர் மெக்கானிக் மண்ணோடு பக்கெட்டை முடிந்தவரை உயர்த்தி, இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பக்கெட் மெல்ல இறங்கியது. "பம்பு இருக்கட்டும் தம்பி, முதல்ல கசிவைப் பாப்போம்."

இறங்கினால் சிலிண்டர் சீலையோ கன்ட்ரோல் வால்வையோ பார்க்கணும். நின்றால் எண்ணெய் அளவு, பில்டர், ரிலீப் வால்வு; பம்பு கடைசியில்தான்.

இதே கசிவு, 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்ற லண்டன் ஜோசப் பிராமாவையும் படுத்தியது. பிஸ்டனைச் சுற்றி இறுக்கி அடைத்தால் அது நகராது. தளர்த்தினால் தண்ணீர் பீய்ச்சும். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் வழி கண்டார் என்பார்கள்: கிண்ணம்போல் வளைந்த தோல் வளையம். அழுத்தம் ஏறினால் தானே விரிந்து இறுகும், குறைந்தால் தளரும். இன்றைய சீலுக்கும் அதே சூத்திரம்தான். தோல் மட்டும் மாறிவிட்டது.

சிலிண்டரைப் பிரித்தார்கள். சீலின் உதடு கிழிந்திருந்தது. வண்டிக்காரருக்குப் பம்புக் காசு மிச்சம்.